வாசகர் கேள்வி பதில்: தீ எரியும் இடத்துக்குப் போகும் வழியில்

தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர், இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், டப்போவுக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறான். அந்த ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேர்ந்துவிட்டதாகப் போன மாதம் தொலைபேசியில் சொன்னான். ஒரு காசு சம்பளம் கிடையாதாம். அழைப்பு வந்தால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டுமாம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த மாநிலத்தில் தீயணைப்பு வண்டி கவிழ்ந்து இளைஞர்கள் இறந்ததைச் செய்தியில் படித்திருக்கிறேன். அன்று படித்தது இப்போது தூங்க விடாமல் செய்கிறது. அவனை விலகச் சொல்லலாமா?
– ஒரு தாய், நாமக்கல்

பதில்: அம்மா, நான் வண்டி ஓட்டிய நாள்களில் என் தாய் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். சைரன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் எழுந்து உள்ளே போகமாட்டார். அவர் முகம் நினைவில் இருப்பதால், ஆறுதலாக ஏதோ நாலு வார்த்தை எழுதி உங்களை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நீங்கள் படித்தது உண்மை. 2019 டிசம்பர் 19 இரவு, சிட்னிக்குத் தென்மேற்கே பக்ஸ்டன் என்ற ஊர்ப்பக்கம் நடந்தது. கிரீன் வாட்டில் கிரீக் காட்டுத்தீயை அணைக்கப் போன வண்டிகளின் வரிசையில் ஹார்ஸ்லி பார்க் படைப்பிரிவின் வண்டியும் ஒன்று. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். மரம் ஒன்று விழுந்ததில் வண்டி சாலையைவிட்டு விலகி உருண்டது. முன்னால் அமர்ந்திருந்த இருவரும் அங்கேயே இறந்தார்கள்; பின்னால் இருந்த மூவர் காயத்தோடு பிழைத்தார்கள். இறந்தவர்களுக்கு வயது 32, 36. இருவருக்கும் ஆளுக்கொரு 19 மாதக் குழந்தை இருந்தது. ஜனவரி 2ஆம் தேதி நடந்த ஒருவரின் இறுதிச் சடங்கில், வாயில் ரப்பர் சூப்பானோடு நின்ற அவருடைய மகனின் சட்டையில் படையின் ஆணையர் ஷேன் ஃபிட்ஸ்சைமன்ஸ் குனிந்து பதக்கத்தைக் குத்தினார். மற்றவரின் மகள், அப்பாவின் இறுதிச் சடங்கில் அப்பாவின் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு சவப்பெட்டியைச் சுற்றி வந்தாள். அந்தப் படங்களை நான் வெட்டி வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும் துணிவு அடிக்கடி வருவதில்லை.

அதற்குப் பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, ஆல்பரிக்குக் கிழக்கே ஜிஞ்செலிக் என்ற இடத்தில் இன்னொரு வண்டி கவிழ்ந்தது. தீ பெரிதாகும்போது அது தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சூறை, பத்து டன் வண்டியைப் புரட்டிப் போட்டது. இறந்த தன்னார்வலருக்கு 28 வயது. அவர் மனைவி முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார்.

மரம் விழுவதையும் சூறை புரட்டுவதையும் எந்த ஓட்டுநராலும் முழுக்கத் தடுக்க முடியாது. அந்த ஆபத்து உங்கள் மகன் ஏறும் வண்டிக்கும் உண்டு. இல்லை என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால் ஓட்டுநர் என்ற முறையில் நான் அதிகம் பயப்படுவது வேறோர் ஆபத்துக்கு. தீ கண்ணிலேயே படாத இடத்தில், பட்டப்பகலில், காய்ந்த சாலையில் வண்டி கவிழ்கிறதே, அதற்கு. அமெரிக்காவில் தீயணைப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். அங்கே பணியில் நேரும் இறப்புகளை 1998 முதல் அரசின் பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் விசாரித்து அறிக்கை எழுதி வருகிறது. யார் மேல் பழி என்று அதில் இருக்காது. என்ன நடந்தது, இனி எப்படித் தடுக்கலாம், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு என் மருமகள் அச்செடுத்துக் கொடுத்த அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஊர் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது, கதை மாறவில்லை. குறுகலான கிராமத்துச் சாலை. தண்ணீர் ஏற்றிய வண்டி. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும் என்பதால் வலப்பக்கச் சக்கரம் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்குகிறது. ஓட்டுநர் பதறிப்போய் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டுகிறார். வண்டி சாலையின் குறுக்கே பாய்ந்து உருள்கிறது. பெல்ட் போடாதவர் வெளியே வீசப்படுகிறார். பக்கத்துக்குப் பக்கம் இதையே படித்தபோது, முன்பின் தெரியாத அந்த மனிதர்களின் கையை என் கைபோலவே உணர்ந்தேன். ஏன் என்று கீழே இன்னொரு கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன்.

சம்பளத்துக்கு ஓட்டும் என்னைப் போன்றவனுக்கும் உங்கள் மகனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் நிலையத்திலேயே படுத்திருப்பேன். மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் சக்கரம் உருண்டுவிடும். தன்னார்வலர் தன் கடையிலோ வயலிலோ இருப்பார். செய்தி வந்ததும் தன் காரை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், உடை மாற்றி, ஆள் சேர்த்துத்தான் கிளம்ப முடியும். வண்டி வாசலைத் தாண்டும்போதே பத்து நிமிடம் போயிருக்கும். எரிவது பெரும்பாலும் தெரிந்தவர் வீடு. போன நிமிடங்களைச் சாலையில் பிடித்துவிடலாம் என்று கால் தானாக அழுத்தும். அந்தக் கால் கெட்ட எண்ணத்தில் அழுத்துவதில்லை, அம்மா. உதவ வேண்டும் என்ற தவிப்பில்தான் அழுத்துகிறது. அதனால்தான் அதைத் தடுப்பது இவ்வளவு கடினமாக இருக்கிறது. இன்னொன்று: நான் தினமும் ஓட்டினேன். தன்னார்வலர் மாதத்தில் ஓரிரு முறைதான் அந்தப் பெரிய வண்டியைத் தொடுவார். மற்ற நாளெல்லாம் அவர் கை பழகியிருப்பது தன் காருக்கு.

விலகச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லாதீர்கள் என்பேன். நியூ சவுத் வேல்ஸ் பரப்பில் நம் தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு. மக்கள் தொகையோ சுமார் 85 லட்சம்தான். அதிலும் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் சிட்னியிலேயே இருக்கிறார்கள். மீதி நிலமெல்லாம் புல்லும் காடும் தனித்தனிப் பண்ணை வீடுகளும். அத்தனை இடத்துக்கும் சம்பளப் பட்டாளம் வைக்க எந்த அரசாலும் முடியாது. மாநில நிலப்பரப்பில் சுமார் 95 சதவீதத்தைப் பார்த்துக்கொள்வது ஊரகத் தீயணைப்புப் படை. அதில் 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். 2019–20 கோடையில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 55 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2,400க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. இவர்கள் இல்லாவிட்டால் எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் மகன் பிழைக்கப் போன ஊரில் இன்று ஊர்க்காரனாகிவிட்டான். அதைக் கலைக்க வேண்டாம்.

விலகச் சொல்வதற்குப் பதிலாக, அவனிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தாய் கேட்டால் பொய் சொல்ல நா எழாது. வண்டி நகரும் முன் எல்லோரும் பெல்ட் போட்டாகிவிட்டதா என்று யார் பார்க்கிறார்கள்? வண்டியை ஓட்டுபவர் தண்ணீர் நிரப்பிய வண்டியோடு வளைவிலும் மண்சாலையிலும் பயிற்சி எடுத்தவரா? இந்த மூன்றாவதுதான் முக்கியம்: ஓட்டுபவர் வேகமாகப் போனால் 'மெதுவாகப் போங்கள்' என்று சொல்ல அவனுக்கு வாய் வருமா? புதிதாகச் சேர்ந்தவன், வெளிநாட்டுப் பையன், வயதில் மூத்த உள்ளூர்க்காரரிடம் அதைச் சொல்லத் தயங்குவான். நம் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். அந்த ஓர் இடத்தில் மட்டும் தயங்காதே என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அறிவுரை. நீங்கள் சொன்னால், வண்டியில் ஏறும்போதெல்லாம் அவனுக்கு அது கேட்கும்.

கேள்வி: நான் இருபது டன் பாரம் ஏற்றி வட இந்தியாவரை ஓட்டுகிறவன். நாலைந்து டன் தண்ணீர் ஏற்றும் தீயணைப்பு வண்டி ஏன் இப்படி எளிதில் கவிழ்கிறது? ஓட்டத் தெரியாததுதானே காரணம்?
– ஒரு லாரி ஓட்டுநர், சங்ககிரி

பதில்: தம்பி, சங்ககிரியில் பிறந்தவருக்கு லாரியைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஏற்றுவது சிமென்ட் மூட்டையா, நூல் பேலா? கயிறு போட்டுக் கட்டினால் அது கட்டிய இடத்தில் இருக்கும். தண்ணீரை எந்தக் கயிற்றால் கட்டுவது?

'நிறைகுடம் தளும்பாது' என்று அடக்கத்துக்கு உவமை சொல்வார்கள். எங்கள் தொழிலில் அது நேர்ப்பொருள். தொட்டி முழுக்க நிறைந்திருந்தால் தண்ணீருக்கு அசைய இடமில்லை. வண்டியோடு சேர்ந்தே திரும்பும். முக்கால் தொட்டி, அரைத் தொட்டி என்றால்தான் வம்பு. நீங்கள் இடப்பக்கம் திரும்பும்போது தண்ணீர் முழுதும் வலப்பக்கச் சுவரில் போய் மோதும். உடனே வலப்பக்கம் திருப்பினால், அது மோதித் திரும்பி வருகிற நேரமும் நீங்கள் திருப்புகிற நேரமும் ஒன்றாகச் சேரும். பிரேக்கை மிதித்து வண்டி நின்ற பிறகு, பின்னாலிருந்து தண்ணீர் வந்து ஒரு தள்ளு தள்ளும் பாருங்கள், அதை முதல் முறை உணர்ந்தபோது யாரோ பின்னால் வந்து இடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இதைக் குறைக்கத்தான் தொட்டிக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள். அவை குறைக்கும், அடியோடு நிறுத்தாது.

எங்கள் நீர்தாங்கி வண்டியில் 4,500 லிட்டர், அதாவது நாலரை டன். அதற்கு மேல் ஏணி, குழாய்ச் சுருள்கள், பம்பு, ஆள்கள். பாரமெல்லாம் இடுப்புக்கு மேல். வளைவில் வண்டியை வெளியே தள்ளும் விசை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. 40 கிலோமீட்டரில் போகும் வளைவை 60இல் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். தள்ளுவது இரண்டேகால் மடங்கு. இது உங்கள் லாரிக்கும் பொருந்தும். உங்களுக்குப் பின்னால் மணி அடிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

அமெரிக்கக் கிராமங்களில் இன்னொரு கூத்தும் நடந்தது. தெருக்குழாய் இல்லாத ஊர்களுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகப் பெரிய டேங்கர் வேண்டும். தன்னார்வப் படைகளிடம் பணம் கிடையாது. விருந்து வைத்தும் பொருள் விற்றும் நிதி திரட்டுகிறவர்கள். அதனால் பழைய பெட்ரோல் டேங்கரையும் பால் டேங்கரையும் வாங்கிச் சிவப்பு அடித்துக்கொண்டார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட எடை குறைந்தது. அதே தொட்டியில் தண்ணீரை நிரப்பினால், வண்டியின் அடிச்சட்டமும் அச்சும் பிரேக்கும் தாங்க வேண்டிய அளவைத் தாண்டிப் பாரம் ஏறிவிடும். உங்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். அந்த ஊர்ப் பால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் எப்படிப் புரியும்? 2003இல் அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் ஒரு கணக்கு வெளியிட்டது. மொத்தத் தீயணைப்பு வண்டிகளில் டேங்கர்கள் சுமார் 3 சதவீதம்தான். வண்டி விபத்துகளில் இறந்த தீயணைப்போரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் டேங்கரில் இறந்தவர்கள். பிறகு 2009இல் திருத்திய வண்டித் தரவிதிகளில், 1,250 கேலனுக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 4,700 லிட்டருக்கு மேல் நீர் ஏற்றும் புதிய வண்டி மணிக்கு 60 மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று எழுதினார்கள். யார் பெல்ட் போடவில்லை என்பதை ஓட்டுநருக்குக் காட்டும் விளக்கும் கட்டாயமானது.

ஓட்டத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். தெரிந்தவனும் கவிழ்த்திருக்கிறான். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: 31 ஆண்டுகளில் நீங்கள் விபத்துக்குள்ளானது உண்டா?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை

பதில்: உண்டு. இதுவரை எந்த இதழிலும் எழுதியதில்லை. நாமக்கல் தாயின் கடிதத்தைப் படித்த பிறகு மறைப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு. பங்குனி வெயில். பகல் ஒரு மணிக்குக் குடிசைகள் எரிவதாக அழைப்பு. ஏழு கிலோமீட்டர். நிலையத்தைவிட்டு வெளியே வந்ததுமே தெற்கே புகை தெரிந்தது, கறுப்பாக, நேராக. குடிசைத் தீ எப்படி ஓடும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குப் பொறி தாவும். அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சாலையைப் பார்க்க வேண்டிய கண் புகையைப் பார்த்தது.

ஏரிக்கரைச் சாலை. எதிரே மாட்டு வண்டி. ஒதுங்கும்போது இடப்பக்கப் பின்சக்கரம் தாரைவிட்டு இறங்கிவிட்டது. தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம். அப்படி இறங்கினால் காலை எடுத்துவிட்டு, வண்டி தானாக வேகம் தணிந்த பிறகு மெல்ல ஏற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பயிற்சியில் பாராட்டு வாங்கியவன் நான். ஆனால் அந்த நொடியில் கை ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடுங்கியது. சக்கரம் தார் விளிம்பில் உரசி, உரசி, திடீரென்று மேலே ஏறியது. ஏறியதும் வண்டி குறுக்கே பாய்ந்தது. மறுபடி இடப்பக்கம் ஒடித்தேன். தொட்டிக்குள் தண்ணீர் புரண்ட சத்தம் எனக்குக் கேட்டது. பாறை உருண்டதுபோல் இருந்தது. பிறகு வானம் பக்கவாட்டில் இருந்தது.

கரைக்குக் கீழே நெல் வயல். அறுவடை முடிந்து ஈரம் இருந்த சேறு. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. வண்டி ஒருக்களித்துப் படுத்திருந்தது, மேலே நின்ற இரண்டு சக்கரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. டீசல் வாடை. எங்கோ உடைந்த குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேல், சைரன் நிற்கவில்லை. பாதி சேற்றுக்குள் புதைந்து, தொண்டை கட்டியவர் கத்துவதுபோல் அது கத்திக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் ஓடி வந்து எங்களை இழுத்தார்கள். ஒரு பெரியவர் என் தலையைத் தன் துண்டால் கட்டிக்கொண்டே, "சாமி, அதை முதலில் நிறுத்துங்கள், கேட்க முடியவில்லை" என்றார். எந்தப் பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நாலு ஆண்டு அந்த வண்டியை ஓட்டியவனுக்கு.

எனக்குப் பக்கத்தில் இருந்த தோழருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்தக் காலத்தில் அந்த வண்டியில் பெல்ட்டே கிடையாது. இன்றும் அவரால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள்.

பக்கத்து நிலையத்திலிருந்து இரண்டாவது வண்டி வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. நாங்கள் புறப்பட்டபோது இரண்டு குடிசைகள் எரிந்துகொண்டிருந்தன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அணைத்து முடிக்கும்போது பதினொரு குடிசைகள் எரிந்து போயிருந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு வீட்டில், மகள் திருமணத்துக்கு வாங்கி வைத்திருந்த சேலைகள், மரப்பெட்டியோடு சாம்பலாகிவிட்டன. கட்டுப் பிரித்த பிறகு அந்த ஊருக்குப் போனேன். அந்த வீட்டுக்கார அம்மா என்னைத் திட்டவில்லை. "உன் தலைக் காயம் ஆறிவிட்டதா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேள்வி: போன இதழில் 'வளைவுகளில் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். எரிவது உங்கள் வீடாக இருந்தால் இப்படி எழுதுவீர்களா? ஒவ்வொரு நிமிடமும் உயிர் இல்லையா?
– ஒரு வணிகர், சிவகாசி

பதில்: உங்கள் ஊரின் பெயரைப் பார்த்ததும் கோபத்தின் காரணம் புரிந்தது. சிவகாசிக்காரர் நிமிடத்தின் அருமையை என்னிடம் கற்க வேண்டியதில்லை. எரிவது என் வீடாக இருந்தால் வாசலில் நின்று நானும் கதறுவேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் என் கதறலைக் கேட்டு ஓட்டக் கூடாது என்றுதான் அப்போதும் நினைப்பேன்.

ஐந்து கிலோமீட்டர் தூரத்தை 60 வேகத்தில் போனால் ஐந்து நிமிடம். 50 வேகத்தில் போனால் ஆறு. முழுதாக ஒரு நிமிடம், ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிடத்தை நான் வேறு இடத்தில் எடுத்துத் தருகிறேன். பூட்ஸையும் கால்சட்டையையும் காலை நுழைத்து இழுத்தால் போதும் என்ற நிலையில் மடித்து வைத்தால் பத்து நொடி. எந்தத் தெருவில் லாரி நுழையாது, எந்தப் பாலத்தடியில் வண்டி சிக்கும் என்பதை ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிப் பார்த்து மனத்தில் வைத்திருந்தால் இரண்டு நிமிடம்கூட மிச்சமாகும். நீங்கள் அழைக்கும்போது 'கடைத்தெருவில் தீ' என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், எந்தக் கோயிலுக்கு எதிரே, எத்தனையாவது கடை என்று சொன்னால் இன்னொரு நிமிடம். இவற்றில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவில் மட்டும் கேட்காதீர்கள். நான் அங்கே எடுக்கப் பார்த்தேன்; ஒன்பது குடிசைகள் கூடுதலாகப் போயின.

கேள்வி: சேவைக்காக வந்த தன்னார்வலர் வண்டியை மோதிவிட்டால் ஆஸ்திரேலியச் சட்டம் அவரை மன்னிக்குமா?
– ஒரு சட்ட மாணவி, திருச்சி

பதில்: மகளே, நான் சட்டம் படித்தவன் இல்லை, ஓட்டுநருக்குத் தெரிய வேண்டிய அளவு தெரியும். ஆஸ்திரேலியச் சாலை விதிகளில் 306ஆம் விதி அவசர ஊர்திகளுக்கு விலக்குத் தருகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம். ஆனால் விளக்கு சுழல வேண்டும் அல்லது சைரன் ஒலிக்க வேண்டும். அந்தச் சூழலில் விதியை மீறுவது நியாயமாக இருக்க வேண்டும். ஓட்டுநர் தக்க கவனத்தோடு ஓட்டியிருக்க வேண்டும். கவனம் தவறினால் விலக்கும் இல்லை. சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்பதை அந்த விதி பார்ப்பதில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். சாலையைக் கடக்கும் பாட்டியின் மேல் மோதும் வண்டியின் எடை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

கேள்வி: பின்னால் சைரன் கேட்டால் எப்படி வழிவிடுவது? சென்னை நெரிசலில் பதற்றமாகிவிடுகிறது.
– ஓர் இல்லத்தரசி, தாம்பரம்

பதில்: பதற்றம் உங்களுக்கு மட்டும் இல்லை சகோதரி. கண்ணாடியை ஏற்றிக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு, பாட்டும் பாடினால் சைரன் மிக அருகில் வந்த பிறகே காதில் விழும். வண்டிக்குள் இருக்கும் எங்களுக்கோ எங்கள் சைரனைத் தவிர வேறு எதுவும் கேட்காது. இரண்டு தீயணைப்பு வண்டிகள் இரு சாலைகளிலிருந்து ஒரே சந்திப்புக்கு வந்து ஒன்றையொன்று மோதியதும் உலகில் நடந்திருக்கிறது. அவரவர் காதில் அவரவர் சைரன். அதனால்தான் பச்சை விளக்கு எரிந்தாலும் சந்திப்பில் நான் காலை பிரேக்கின் மேல் வைத்தே போவேன்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. திடீரென்று நடுச்சாலையில் நிற்காதீர்கள். இடப்பக்க விளக்கைப் போட்டு, மெல்ல ஒதுங்கி, நின்றுவிடுங்கள். நீங்கள் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று ஓட்டுநருக்குத் தெரிந்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். வேகத்தைக் கூட்டி எங்களுக்கு முன்னால் ஓட வேண்டாம். வழிவிடாமல் மறித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. 2019 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் அபராதத்துக்குப் பயந்து கேட்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கடந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சாலைக்குள் இறங்குவார்கள். இரு சக்கர வண்டிக்காரர்கள் அதன் வாலைப் பிடித்தே வருவார்கள். பத்து எண்ணும் வரை அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் பின்னால் இரண்டாவது வண்டி வரும்.